அனலாக் நின்றால் ஆயா வீட்டு டிவி என்ன ஆகும்? நமக்கு ஏன் கேபிளே வரவில்லை?

சாட்ஸ்வொர்த் பேரன்:
எல்லாருக்கும் வணக்கம். ஆயாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, டர்பன் சாட்ஸ்வொர்த்தில் தனியாக இருக்கிறார். கூரைமேல் அந்தக் காலத்து ஏரியல், கீழே முதுகு பெருத்த பழைய டிவி, அதில் அரசு ஒளிபரப்பான எஸ்ஏபிசி-யின் மூன்று சானலும் தனியார் சானல் இ.டிவியும் வரும், அவருக்கு அது போதும். 2025 மார்ச் 31-ஆம் தேதியோடு அனலாக்கை அணைத்துவிடுவோம் என்று மாதக்கணக்கில் பயமுறுத்தினார்கள், கடைசி வாரத்தில் கோர்ட் தடுத்துவிட்டது. இப்போது டிஜிட்டல் சிக்னலைப் பழைய டிவிக்கு மாற்றிக்கொடுக்கிற பாக்ஸ் வாங்குவதா, சும்மா இருப்பதா? கடைக்காரர் ஒருவர் "டிஜிட்டல் ஏரியல்" என்று ஒன்றை எடுத்துக் காட்டி, பழையதைக் கழற்றிவிட்டு இதைப் போட்டால்தான் படம் வரும் என்கிறார். உண்மையா?

இன்னொன்று, இது என் ஆர்வத்துக்கு. சென்னையில் சொந்தக்காரர்கள் வீட்டில் ஜன்னல் வழியாக ஒரே ஒரு கறுப்பு வயர் உள்ளே வருகிறது, அதில் நானூறு சானலுக்கு மேல். முன்பு அதே வயரில் எழுபது எண்பதுதான் வந்ததாம், தெருவில் வயரை யாரும் மாற்றவில்லையாம். எப்படி? நம் ஊரில் ஏன் கேபிள் என்று ஒன்று வரவே இல்லை?

அலைவரிசை:
தம்பி, முதலில் ஏரியல். டிஜிட்டல் ஏரியல் என்று தனியாக ஒரு ஜாதி கிடையாது. டிவி ஒளிபரப்புக்கான யூஹெச்எஃப் அலையைப் பிடிக்கிற எந்த ஏரியலும் டிஜிட்டலையும் பிடிக்கும், அதற்கு உள்ளே என்ன வருகிறது என்று தெரியாது, அது வெறும் அலுமினியம். பழைய ஏரியல் அதைவிடக் கீழ் அலைவரிசையான விஹெச்எஃப்பை மட்டும் பிடிக்கிற நீளக் கம்பிகளோடு இருந்தால்தான் மாற்ற வேண்டும். கடைக்காரரிடம் போவதற்கு முன் கூரைமேல் ஏறி (ஆயாவை இல்லை, நீங்கள் ஏறி) கம்பிகளின் நீளத்தைப் பாருங்கள், ஒரு ஜாண் இரண்டு ஜாண் அளவில் குட்டிக் குட்டியாக வரிசையாக இருந்தால் யூஹெச்எஃப்.

பாக்ஸ்: டிவிபி-டி2 என்ற டிஜிட்டல் ஒளிபரப்பு முறையின் பெயர் போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தென்னாப்பிரிக்கா முதலில் டிவிபி-டி என்ற பழைய முறையைத்தான் எடுத்தது, 2008 நவம்பரில் சோதனை ஒளிபரப்பும் தொடங்கியது, 2010-ல் நடுவில் பிரேசில் முறைக்குப் போகலாமா என்று ஒரு கூத்து நடந்தது, கடைசியில் 2011 தொடக்கத்தில் டி2 என்று முடிவானது. பழைய டி பாக்ஸை யாராவது மலிவாகத் தள்ளிவிடப் பார்த்தால் வாங்காதீர்கள், இங்கே அது உதவாது. டி2 பாக்ஸ் பழைய டியைப் படிக்கும், டி பாக்ஸ் டி2-வைப் படிக்காது.

வாங்கலாமா என்றால், வாங்குங்கள். கோர்ட் தடுத்தது அணைப்பதைத்தான், டிஜிட்டல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போதே ஆயா கூடுதலாக எஸ்ஏபிசி நியூஸ் பார்க்கலாம்.

டோங்காட் கரும்பு:
வாங்குங்கள் என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள் அண்ணா. மாதம் 3,500 ராண்டுக்குக் குறைவாக வருமானம் உள்ள வீட்டுக்கு அரசாங்கமே இலவசமாகக் கொடுக்க வேண்டிய பாக்ஸ் அது. தம்பி, ஆயா பென்ஷனில் இருந்தால் அவர் தகுதியுள்ளவர்தான். தபால் ஆபீசில் பதிவு செய்தவர்களுக்கே இன்னும் வந்து மாட்டவில்லை என்று எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் சொல்கிறார்கள்.

சாட்ஸ்வொர்த் பேரன்:
பதிவு செய்திருந்தோம் அண்ணா. யாரோ வந்து மாட்டுவதாகச் சொல்லிக் கூப்பிட்டார்கள், அப்புறம் ஆளைக் காணோம். விடுங்கள். கேபிள் கேள்விக்கு யாராவது சொல்லுங்களேன்.

கம்பிவடம்:
அதற்கு நான் வருகிறேன். ஜோஹன்னஸ்பர்க் வருவதற்கு முன் சென்னையில் கேபிள்காரரிடம்தான் வேலை. வில்லிவாக்கம் பக்கம் மாடிக்கு மாடி வயர் இழுத்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயருக்குள் இடம் என்பது அலைவரிசைதான். அந்தக் காலத்து ஆம்ப்ளிஃபையர்கள் 550 மெகாஹெர்ட்ஸ் வரை தாங்கும், அப்புறம் வந்தவை 860 வரை. கீழே சுமார் 47-இலிருந்து தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அனலாக்கில் ஒரு சானலுக்கு 7 அல்லது 8 மெகாஹெர்ட்ஸ் வேண்டும், படத்தில் ஒன்றுமே நடக்காவிட்டாலும் அந்த இடம் முழுக்க அதற்குத்தான். டர்பன் மினிபஸ் டாக்ஸியை ஒரே ஆள் மொத்தமாகப் பேசிக்கொண்டு போவது மாதிரி. 550 வரை கணக்குப் போட்டால் எழுபது சானல், அதிலும் எஃப்எம் ரேடியோ இருக்கிற பகுதியை விட்டுவிட்டால் இன்னும் குறையும். 860 வரை போனால் சுமார் நூறு. நூறு என்பது காகிதத்தில். நிஜத்தில் அலைவரிசை ஏற ஏற வயர் அதிகமாகச் சிக்னலைத் தின்னும், தெருக்கோடி வீட்டில் மேல் சானல் எல்லாம் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும், அந்த வீட்டம்மா கேபிள்காரரைத் திட்டிக்கொண்டே இருப்பார். அதோடு பழைய டிவி பலவற்றால் மேல் பேண்டை டியூன் செய்யவே முடியாது.

இதனால் என்ன ஆனது என்றால், கீழே இருக்கிற நல்ல இடத்துக்கு அடிதடி. பிரைம் பேண்டில் போட வேண்டும் என்றால் சானல்காரர் கேபிள்காரருக்குப் பணம் கொடுக்க வேண்டும், கேரியேஜ் ஃபீஸ் என்று பெயர். ஊரில் எத்தனை புது சானல் வந்தாலும் வயரில் எழுபது எண்பதுக்குமேல் இடமில்லை, ஆகவே இடம் வைத்திருப்பவன் ராஜா. நீங்கள் காசு கொடுத்துப் பார்க்கிற சானல் நடுராத்திரியில் 14-இலிருந்து 63-க்குப் போய்விடும், ஏன் என்று கேட்டால் "மேலேயிருந்து மாத்திட்டாங்க சார்" என்போம். மேலே என்ன நடந்தது என்று எங்களுக்கும் தெரியாது, அந்தச் சானல் பணம் கொடுக்கவில்லை அல்லது இன்னொன்று அதிகம் கொடுத்தது, இரண்டில் ஒன்று.

டிஜிட்டல் வந்ததும் அதே 8 மெகாஹெர்ட்ஸ் இடத்தில் ஒரு படத்துக்குப் பதில் ஒரு டேட்டா குழாய் ஓடுகிறது. 64-க்யூஏஎம் என்ற முறையில் நொடிக்கு சுமார் 38 மெகாபிட், 256-க்யூஏஎம் என்றால் 50-ஐத் தொடும். சாதாரண சானல் ஒன்றை எம்பெக்-2 என்ற பழைய சுருக்க முறையில் சுருக்கினால் 3 அல்லது 4 மெகாபிட், ஆக ஒரு இடத்தில் பத்து சானல். எம்பெக்-4 என்றால் 2 மெகாபிட் போதும், பதினெட்டு இருபது உட்கார்ந்துகொள்ளும். ஹெச்டி என்றால் நாலைந்து. நாற்பது இடம் ஒதுக்கினாலே நானூறு சானல் வந்துவிட்டது பாருங்கள். தெருவில் வயர் மாறவில்லை என்பது முக்கால் உண்மை, ஹெட் எண்ட் என்கிற கேபிள் தலைமை நிலையத்திலிருந்து ஏரியாவுக்கு வருகிற மெயின் லைனை ஃபைபராக மாற்றினார்கள், கடைசியில் வீட்டுக்குள் வருகிற கோஆக்ஸ், அதாவது அந்தக் கறுப்பு வயர், பழையதேதான்.

மெரிபேங்க் ஆசிரியர்:
கம்பிவடம் ஐயா, அருமையாக விளக்கினீர்கள். ஒரு சந்தேகம். இடத்தை வைத்துச் சம்பாதித்துக்கொண்டிருந்த கேபிள்காரர்கள் டிஜிட்டலுக்கு எப்படிச் சம்மதித்தார்கள்?

கம்பிவடம்:
சம்மதிக்கவில்லை ஐயா, சட்டம் போட்டு இழுத்துவந்தார்கள். அதுவும் ஒரே இழுப்பில் வரவில்லை. சென்னையில் 2003 செப்டம்பர் 1 அன்றே காஸ் (கண்டிஷனல் அக்சஸ் சிஸ்டம்) என்ற ஒன்று வந்தது, இந்தியாவிலேயே முதலில் நடைமுறைக்கு வந்த ஊர். கட்டணச் சானல் வேண்டுமென்றால் பாக்ஸ் வாங்கு, இலவசச் சானல் பழையபடி வயரிலேயே வரும் என்று ஏற்பாடு. ஜனங்கள் என்ன செய்தார்கள்? நமக்குத் தமிழ்ச் சானல் வந்தால் போதும், பாக்ஸ் எதற்கு என்று பெரும்பாலோர் விட்டுவிட்டார்கள். பாக்ஸ் என்பது கட்டாயம் இல்லாதவரை யாரும் வாங்கமாட்டார்கள், இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் 2011-ல் கேபிள் சட்டத்தைத் திருத்தி, பாக்ஸ் இல்லாமல் எதுவுமே வராது என்று ஆக்கினார்கள். முதல் கட்டம் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, கெடு 2012 அக்டோபர் 31. இரண்டாம் கட்டம் 38 நகரம், 2013 மார்ச் 31. கடைசிக் கட்டத்தை 2016 டிசம்பரில் முடிப்பதாக இருந்து 2017 மார்ச்சுக்குத் தள்ளினார்கள். சென்னை மட்டும் கோர்ட்டு, வழக்கு, வாய்தா என்று முதல் கட்டத்திலேயே நின்றது. தமிழ்நாட்டு அரசு கேபிள் நிறுவனம் 2011-ல் மாதம் 70 ரூபாய்க்கு அனலாக்கில் கொடுத்துக்கொண்டிருந்தது, அவர்களுக்கு டிஜிட்டல் லைசென்ஸ் கிடைத்ததே 2017-ல்தான், அதே வருஷம் இலவசமாக பாக்ஸ் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

இதில் இடப் பிரச்சினை பாதிதான். மீதி, எண்ணிக்கை. அனலாக்கில் ஒரு கேபிள்காரருக்கு எத்தனை வீடு என்று யாருக்கும் தெரியாது. ஐந்நூறு வீட்டுக்கு வயர் போயிருக்கும், மேலே நூறு என்று கணக்குக் காட்டுவார், ஸ்ப்ளிட்டர் போட்டு இழுத்தால் யார் எண்ணுவது? பாக்ஸ் வந்ததும் அதற்குள் இருக்கிற ஒவ்வொரு கார்டும் ஒரு நம்பர், எண்ணிவிடலாம். சானல்காரர், வரி வாங்குகிற அரசாங்கம் எல்லாரும் பாக்ஸுக்கு ஆசைப்பட்டதற்கு அதுதான் காரணம். படம் தெளிவாக வரும் என்பதெல்லாம் விளம்பரத்துக்கு.

லெனேசியா அக்கா:
படம் தெளிவாக வருமா? எனக்குச் சிரிப்புதான் வருகிறது. பழைய அனலாக்கில் மழை பெய்தால் கொஞ்சம் புள்ளி விழும், ஆனாலும் கதை ஓடும். இப்போது மழை வந்தால் டிகோடரில் படம் அப்படியே உறைந்து, முகம் கட்டம் கட்டமாகி, "சிக்னல் இல்லை" என்று எழுத்து. ஹைவெல்டில் கோடை மாலைதோறும் இடியும் மழையும், சரியாக சீரியல் நேரத்துக்கு. அதுவுமில்லாமல் கிரிக்கெட் போட்டால் புல்தரை எல்லாம் பச்சைக் களிமண் மாதிரி குழைந்துவிடுகிறது சில சானலில். பத்தைத் திணித்த இடத்தில் இருபதைத் திணித்தால் அப்படித்தானே இருக்கும்?

அலைவரிசை:
அக்கா சொல்வது சரிதான், இரண்டும் வேறு வேறு நோய்.

மழைக்கு உறைவது சிக்னல் குறைவதால். அனலாக்கில் சிக்னல் குறையக் குறையப் படமும் மெதுவாகக் கெடும், நம் கண் பழகிக்கொள்ளும். டிஜிட்டலில் பிழைதிருத்தம் என்று ஒன்று இருக்கிறது, ஒரு எல்லைவரை எவ்வளவு கெட்டாலும் முழுசாகச் சரிசெய்துவிடும், அந்த எல்லையைத் தாண்டிய நொடியில் ஒன்றுமே கிடையாது. சாட்டிலைட்டில் வருவது கேயூ பேண்ட், கனமழை அந்த அலையைத் தடுக்கும். டிஷ்ஷைச் சரியாகத் திருப்பி, அதன் முனையில் சிக்னலை வாங்குகிற பழைய எல்என்பி-யை மாற்றினால் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், பெருமழைக்கு ஒன்றும் செய்ய முடியாது. கூரை ஏரியலில் வருகிற டிஜிட்டல் கீழ் அலைவரிசை, மழை அதை அவ்வளவாகத் தொடாது. ஆயா வீட்டுக்கு இது ஒரு நல்ல விஷயம்.

புல்தரை குழைவது சுருக்கத்தால். ஒரு குழாயில் வருகிற எல்லாச் சானலும் பிட்டைப் பங்குபோட்டுக்கொள்ளும். சீரியலில் மாமியாரும் மருமகளும் அசையாமல் முறைத்துக்கொண்டிருந்தால் அதற்கு ஒன்றுமே வேண்டாம், மிச்சத்தைக் கிரிக்கெட்டுக்குக் கொடுக்கலாம். இருபதில் நாலைந்து ஒரே நேரத்தில் ஓடியாடினால் எல்லாருக்கும் தட்டுப்பாடு. குறைவான சானல் வைத்து நன்றாகக் காட்டுவதா, நிறைய வைத்து மோசமாகக் காட்டுவதா என்பதை இஞ்சினியர் முடிவு செய்வதில்லை, கம்பெனியின் விற்பனை ஆள்தான் முடிவு செய்கிறார்.

டோங்காட் கரும்பு:
சரி, நம் நாட்டுக் கதைக்கு வருவோம். ஏன் கேபிள் இல்லை என்ற கேள்விக்கு என் பதில்: இங்கே டிவியே 1976 ஜனவரியில்தான் வந்தது. அதற்கு முன் இருந்த அரசாங்கத்தில் ஆல்பர்ட் ஹெர்ட்சோக் என்ற மந்திரி டிவி வந்தால் நாடு கெட்டுவிடும் என்று வருஷக்கணக்கில் வரவிடவே இல்லை. அப்புறம் 1986-ல் எம்-நெட் என்ற கட்டணச் சானல், அதுவும் வயரில் இல்லை, டவரிலிருந்து பூட்டுப்போட்ட சிக்னல், காசு கட்டினால் டிகோடர். 1995-ல் டிஎஸ்டிவி நேராக சாட்டிலைட்டில் இறங்கிவிட்டது, அதுவும் முதல் நாளிலிருந்தே டிஜிட்டல். கேபிளுக்குத் தெருத் தெருவாகப் பள்ளம் தோண்ட வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. சென்னை மாதிரி மாடிக்கு மாடி, மரத்துக்கு மரம் வயரைத் தொங்கவிட்டால் இங்கே முனிசிபாலிட்டி சும்மா விடுமா? வீடும் தள்ளித் தள்ளி இருக்கிறது.

கம்பிவடம்:
வயரைத் தொங்கவிட்டால் மறுநாள் காலையில் வயரே இருக்காது, செம்பு விலைக்குப் போயிருக்கும்.

மெரிபேங்க் ஆசிரியர்:
அதுவும் உண்மை. ஆனால் இப்போது ஃபைபர் வந்துவிட்டதே, கேபிளைத் தாண்டிக்கொண்டு நேராக அடுத்த படிக்குப் போய்விட்டோம் என்றும் சொல்லலாம். டர்பனில் எங்கள் பக்கம் ஃபைபர் எடுத்தவர்களில் பலர் டிகோடரையே நிறுத்திவிட்டார்கள்.

டோங்காட் கரும்பு:
ஃபைபர் எடுக்க வசதியுள்ளவர்கள் எடுத்தார்கள் ஐயா. நான் கேட்பது வேறு. 2006-ல் ஜெனீவாவில் பல நாடுகளோடு சேர்ந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள், 2015 ஜூன் 17-க்குள் அனலாக் முடிய வேண்டும் என்று. நம் அரசாங்கம் அதைவிட வேகம், 2011-லேயே முடிப்போம் என்றது. இத்தனை வருஷமாகியும் முடியவில்லை. நடுவில் அந்தப் பாக்ஸில் பூட்டு இருக்க வேண்டுமா கூடாதா என்று மட்டும் இ.டிவி ஒரு பக்கம், மந்திரியும் எம்-நெட்டும் மறுபக்கம் என்று அரசியல் சாசன நீதிமன்றம்வரை போய் 2017 ஜூனில்தான் தீர்ப்பு வந்தது. அதுவரை ஏழை வீட்டுக்குப் பாக்ஸ் போனதா? ஏதோ கொஞ்சம்.

லெனேசியா அக்கா:
பூட்டு என்றால் என்ன? இலவசச் சானலுக்கு எதற்குப் பூட்டு?

அலைவரிசை:
பாக்ஸில் சிக்னலைக் குறியாக்கம் செய்து திறக்கிற வசதி இருக்க வேண்டும் என்பது இ.டிவியின் வாதம். அது இருந்தால் நல்ல படங்களையும் ஹெச்டி-யையும் உரிமைக்காரர்கள் தைரியமாகக் கொடுப்பார்கள், பிற்காலத்தில் சந்தா சானலும் நடத்தலாம். எம்-நெட் பக்கத்து வாதம், அரசாங்கக் காசில் கொடுக்கிற பாக்ஸை வைத்து எங்களுக்குப் போட்டி உண்டாக்கக் கூடாது என்பது. 2015-ல் மந்திரி ஃபெய்த் முத்தாம்பி அரசுப் பாக்ஸில் குறியாக்கம் இல்லை என்று கொள்கையில் எழுதினார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016-ல் இ.டிவி பக்கம் சாய்ந்தது, அரசியல் சாசன நீதிமன்றம் அதை மாற்றிக் கொள்கை வகுப்பது மந்திரியின் வேலை என்றது. கம்பிவடம் சொன்ன எண்ணிக்கைக் கதையும் இதுவும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், பாக்ஸைக் கையில் வைத்திருப்பவனிடம்தான் பார்வையாளர் இருக்கிறார்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் சொன்ன வேலையை முடித்தார்கள். வட கேப்பில், எஸ்கேஏ ரேடியோ தொலைநோக்கி வருகிற பகுதியில். 2016 பிப்ரவரியில் டிஜிட்டல், அதே வருஷம் அக்டோபரில் அனலாக் அணைந்தது. விஞ்ஞானிகளுக்கு அமைதி வேண்டியிருந்தது, வேலை நடந்தது. பிறகு ஃப்ரீ ஸ்டேட், வடமேற்கு, ம்புமலங்கா, லிம்போபோ என்று எஸ்ஏபிசி அனலாக் மாகாணம் மாகாணமாக அணைந்தது. மிச்சம் இருப்பது குவாசுலு-நட்டால், கௌட்டெங், கிழக்கு கேப், மேற்கு கேப். ஜனம் அதிகம் இருக்கிற இடம் எல்லாம் மிச்சம்.

டோங்காட் கரும்பு:
அதுதான் நான் சொல்ல வந்தது. அவசரப்படுத்துகிறவர்கள் யாருக்காக அவசரப்படுத்துகிறார்கள்? 2022 மார்ச்சில் அலைவரிசை ஏலம் விட்டு 14.4 பில்லியன் ராண்ட் வாங்கிவிட்டார்கள். விற்ற சரக்கில் டிவி உட்கார்ந்திருந்த 700, 800 மெகாஹெர்ட்ஸும் உண்டு. அதாவது ஆயா குடியிருந்த வீட்டை விற்றாகிவிட்டது, அப்புறம் காலி செய் என்கிறார்கள். 2022 ஜூன் 30 கெடு என்றார்கள், இரண்டு நாள் முன்னால் அரசியல் சாசன நீதிமன்றம் அது செல்லாது என்றது, மக்களிடமும் ஒளிபரப்பாளர்களிடமும் சரியாகக் கேட்கவில்லை என்று. அப்புறம் 2024 டிசம்பர் 31, அப்புறம் 2025 மார்ச் 31, இப்போது மறுபடி கோர்ட். அந்த 14.4 பில்லியனில் ஒரு சின்னத் துண்டை எடுத்து வீட்டுக்கு வீடு பாக்ஸ் மாட்டிவிட்டு அணைத்திருந்தால் யார் கோர்ட்டுக்குப் போயிருப்பார்?

ரேடியோ பைத்தியம்:
கரும்பு அண்ணா, இ.டிவியைத் தியாகி ஆக்காதீர்கள். அவர்களுக்கு விளம்பர வருமானம் அனலாக் பார்வையாளர்களிடமிருந்து வருகிறது, அதனால் போராடுகிறார்கள். அதே குழுமம் 2013-லேயே ஓப்பன்வியூ என்று சந்தா இல்லாத சாட்டிலைட் பெட்டி விற்க ஆரம்பித்துவிட்டது. இன்னொரு பக்கம் எஸ்ஏபிசி-க்கு அனலாக் டவருக்கும் டிஜிட்டல் டவருக்குமாக, டவர்களை நடத்துகிற அரசு நிறுவனமான சென்டெக்குக்குக் கட்டுவதில் இரட்டைச் செலவு, அந்தப் பணம் நம் வரி. 265 ராண்ட் டிவி லைசென்ஸை யார் கட்டுகிறார்கள்? வருஷக்கணக்கில் இரண்டையும் ஓட்டிக்கொண்டே இருப்பதும் ஏழைக்கு நல்லதில்லை. 700 மெகாஹெர்ட்ஸ் ஒரு டவரில் ரொம்ப தூரம் போகும், கிராமத்தில் 4ஜி வருவதற்கு அதைவிட நல்ல அலை கிடையாது. ஆயாவின் பேரப்பிள்ளைக்கு டேட்டா வேண்டாமா?

டோங்காட் கரும்பு:
வேண்டும். ஆனால் டேட்டாவுக்குப் பேரன் காசு கட்ட வேண்டும், ஆயாவின் டிவி இலவசம். அந்த வித்தியாசத்தை ஏன் மறக்கிறீர்கள்?

கம்பிவடம்:
இரண்டு பேரும் சண்டை போடுவதற்கு நடுவில் ஒன்று சொல்கிறேன். இது தென்னாப்பிரிக்கா மட்டும் இல்லை. அமெரிக்காவில் 2009 ஜூன் 12 அன்று பெரிய டவர்கள் எல்லாம் அனலாக்கை நிறுத்தின. கேபிள் கம்பெனிகள் மட்டும் இன்னும் மூன்று வருஷம் பழைய டிவிக்காரர்களைக் கைவிடக் கூடாது என்று விதி இருந்தது. விதி முடிந்ததும் அனலாக் சானல்களைக் காலி செய்தார்கள். காலியான இடத்தில் டிவி சானல் கொஞ்சம்தான் வந்தது, பெரும்பகுதி இன்டர்நெட்டுக்குப் போனது. பல இடத்தைச் சேர்த்துக் கட்டி ஒரே வேகக் குழாயாக்குவதற்கு டாக்சிஸ் 3.0 என்று பெயர். வயரில் அனலாக் போன இடம் இன்டர்நெட்டுக்கு, காற்றில் போன இடம் போன் கம்பெனிக்கு. டிவி பார்ப்பவருக்காக யாரும் இடத்தைக் காலி செய்யவில்லை. ஆகவே பாக்ஸ் செலவு யார் தலையில் என்பதுதான் எல்லா ஊரிலும் சண்டை. சென்னையில் கடைசியில் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தபிறகுதான் வேலை ஓடியது, அரசியல் போட்டிக்காகத்தான் கொடுத்தார்கள் என்றாலும் கொடுத்தார்கள்.

போர்ட் லூயி கதிர்:
மொரீஷியஸிலிருந்து ஒரு வார்த்தை. எங்கள் தீவு சின்னது, அதனால் சீக்கிரம் முடிந்தது. ஆனால் இடம் பெருகியதில் எங்களுக்கு ஒரு லாபம் கண்முன்னே இருக்கிறது, எங்கள் அரசு ஒளிபரப்பான எம்பிசி-யில் தமிழுக்கென்றே ஒரு சானல். அனலாக் காலத்தில் வாரத்துக்கு ஏதோ கொஞ்ச நேரம் கிடைத்தால் பெரிது. உங்கள் ஊரில் டிஜிட்டலில் இவ்வளவு இடம் இருக்கும்போது தமிழர்கள் ஏன் கேட்கவில்லை?

மெரிபேங்க் ஆசிரியர்:
நல்ல கேள்வி தம்பி, வலிக்கிற கேள்வி. ரேடியோவில் எங்களுக்கு 1983-லிருந்து லோட்டஸ் என்ற எஸ்ஏபிசி-யின் இந்தியர் வானொலி இருக்கிறது, அதிலும் தமிழுக்கு நேரம் போதாது என்று எப்போதும் சண்டை. டிவியில் இலவசச் சானல் எதுவும் கிடையாது. தமிழ் வேண்டுமென்றால் சாட்டிலைட்டில் இந்தியத் தொகுப்புக்குத் தனியாகக் காசு கட்டி சன் டிவி பார்க்க வேண்டும், அதில் வருவது சென்னையின் வாழ்க்கை, நம் காவடியும் நம் பிள்ளைகளும் அதில் வரமாட்டார்கள். டிஜிட்டலில் ஒரு 8 மெகாஹெர்ட்ஸில் பதினைந்து சானல் வைக்கலாம் என்றால் ஒன்றின் பாதியையாவது இந்திய மொழிகளுக்குக் கேட்டிருக்கலாம். அமைப்புகள் எல்லாம் கோயில் திருவிழாவுக்குக் கூடுகிற வேகத்தில் ஒளிபரப்பு ஒழுங்குமுறை ஆணையமான இகாசாவின் கூட்டத்துக்குப் போவதில்லை.

ரேடியோ பைத்தியம்:
இடம் கிடைத்தாலும் சானல் நடத்த யார் பணம் தருவார் ஐயா? சென்டெக்குக்கு மாத வாடகை, ஸ்டூடியோ, ஆட்கள். விளம்பரம் கொடுக்கும் கடைகள் எல்லாம் ஃபேஸ்புக்குக்குப் போய்விட்டன. இடம் மலிவானது, நிகழ்ச்சி மலிவாகவில்லை. யூடியூபில் நடத்துவது சுலபம்.

லெனேசியா அக்கா:
யூடியூபை எண்பது வயது ஆயா எப்படித் தேடிப் பார்ப்பார்? 1-ஐ அழுத்தினால் வர வேண்டும், அதுதான் டிவி.

சாட்ஸ்வொர்த் பேரன்:
அப்பாடா, நான் ஏரியல் கேட்டேன், நீங்கள் அரசியல் சாசனம்வரை போய்விட்டீர்கள், நன்றி. டி2 பாக்ஸ் ஒன்று வாங்கி மாட்டிவிட்டேன். பழைய டிவிக்கு ஹெச்டிஎம்ஐ இல்லை, அதனால் மஞ்சள் சிவப்பு வெள்ளை வயர் போகிற பாக்ஸாகப் பார்த்து வாங்கினேன். எஸ்ஏபிசி எல்லாம் பளிச்சென்று வருகிறது, குன்றுக்குப் பின்னால் இருப்பதால் அனலாக்கில் எப்போதும் படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு நிழல் படம் தெரியும், அது சுத்தமாகப் போய்விட்டது. ஆனால் நாலைந்து சானல் மட்டும் ராத்திரி நேரத்தில் கட்டம் கட்டமாகிறது. மழை இல்லை. ஏரியல் கம்பத்தில் சிக்னலைப் பெருக்குகிற பூஸ்டர் ஒன்று இருக்கிறது.

அலைவரிசை:
நிழல் போனதற்குக் காரணம், டிஜிட்டல் முறையில் குன்றில் மோதி எதிரொலியாக வருகிற சிக்னலையும் தாங்கிக்கொள்கிற மாதிரி நேர இடைவெளி விட்டு அனுப்புகிறார்கள். அதே காரணத்தால்தான் பல டவர்கள் ஒரே அலைவரிசையில் ஒளிபரப்பவும் முடிகிறது. அனலாக்கில் பக்கத்து டவருக்கு வேறு அலைவரிசை கொடுத்தே ஆக வேண்டும், இடம் வீணானதில் பெரும்பங்கு அதில்தான்.

கட்டம் கட்டமாவதற்கு எனக்கு பூஸ்டர் மேல்தான் சந்தேகம். அது பழையது என்றால் 862 மெகாஹெர்ட்ஸ் வரை எல்லாவற்றையும் பெருக்கும். இப்போது டிவி 694-க்குக் கீழே, அதற்குமேல் போன் டவர். பக்கத்தில் 4ஜி டவர் இருந்தால் பூஸ்டர் அதையும் சேர்த்துப் பெருக்கித் தானே திணறும், ராத்திரியில் எல்லாரும் போனில் இருக்கும்போது அதிகமாகும். முதலில் பூஸ்டரைக் கழற்றிவிட்டு ஏரியலிலிருந்து நேராக பாக்ஸுக்கு வயர் போட்டுப் பாருங்கள், சாட்ஸ்வொர்த்தில் பெரும்பாலும் அதுவே போதும். போதவில்லை என்றால் 4ஜி சிக்னலைத் தடுக்கிற எல்டிஇ ஃபில்டர் என்று சின்ன உருளை விற்கிறார்கள், அதை பூஸ்டருக்கு முன்னால், ஏரியல் பக்கம் போட வேண்டும், பின்னால் போட்டுப் பயனில்லை.

கம்பிவடம்:
கழற்றும்போது வயர் முனையையும் பாருங்கள் தம்பி. கடல் காற்றுக்கு அந்த எஃப் கனெக்டர் பச்சை பூத்துப்போயிருக்கும், உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கும். ஒரு சாண் வெட்டிவிட்டுப் புதுக் கனெக்டர் முறுக்கி ரப்பர் டேப் சுற்றுங்கள். அப்புறம் பாக்ஸில் மறுபடி ஆட்டோ ஸ்கேன்.

சாட்ஸ்வொர்த் பேரன்:
பூஸ்டரைக் கழற்றினேன், கனெக்டர் நீங்கள் சொன்ன மாதிரியே பச்சை. இப்போது எல்லாம் வருகிறது. ஃபில்டர் வாங்கவில்லை.

டோங்காட் கரும்பு:
பாக்ஸ் எவ்வளவு, எந்தப் பக்கம் வாங்கினீர்கள் என்று தனிச் செய்தியில் போடுங்கள் தம்பி, எங்கள் தெருவில் அந்த இரண்டு வீட்டுக்கும் வாங்க வேண்டும். இனி தபால் ஆபீசை நம்பிப் பயனில்லை.